பூந்திக்காய் நுரையும் நுண்மதியார் தீர்ப்பும்

காது கொடுப்பவர்கள் அருகில் வந்து அமரலாம். அவசரம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவசரப்பட்டு நீதி சொன்ன ஒருவரின் கதையை அவசரமாகக் கேட்பது பொருத்தமில்லை.

முன்னொரு காலத்தில் தெண்ணீர் நாட்டை வெண்குடையான் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். மழை பெய்கிறதா என்று மந்திரியைக் கேட்பான், பெய்கிறது என்பார். மக்கள் மகிழ்ந்திருக்கிறார்களா என்று கேட்பான், மகிழ்ந்திருக்கிறார்கள் என்பார். நாம் நன்றாக ஆள்கிறோமா என்று கேட்பான். அதற்கு மட்டும் மந்திரியால் பதில் சொல்ல முடியாது, கண் கலங்கிவிடும். ஆட்சி இவ்வாறு குறைவின்றி நடந்தது.

அந்த மந்திரியின் பெயர் நுண்மதியார். மூன்று நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர். மூன்று நாட்டு நீதிநூல்களைக் கரைத்துக் குடித்தவர். மூன்று பேர் கூடிய இடத்தில் மற்ற இருவரையும் பேசவிடாதவர். தாம் தவறிவிடக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் அதையும் ஆராய்ந்து, தவறு என்று தள்ளியிருப்பார்.

ஒரு நாள் அரசியின் பொருள் ஒன்று களவு போயிற்று. வடகரையில் இக்கதையைச் சொல்பவர்கள் அது முத்துமாலை என்பார்கள். தென்கரையார் பொற்கிண்ணம் என்பார்கள். மலையடிவாரத்து மக்கள், கேட்பவருக்கு நிறைவாக இருக்கட்டும் என்று, இரண்டும் என்பார்கள். மூன்று பாடங்களிலும் எடுத்தவன் ஒருவனே என்பதால் நாம் அந்த வேறுபாட்டில் நிற்க வேண்டியதில்லை.

"மந்திரியாரே, கள்வனைப் பிடித்துத் தாரும்" என்றான் அரசன்.

"பிடிப்பது காவலர் வேலை, அரசே. யாரைப் பிடிப்பது என்று சொல்வதுதான் அறிஞர் வேலை" என்றார் நுண்மதியார்.

அரண்மனை முற்றத்தில் ஒரு பூந்தி மரம் நின்றது. பூந்திக்காய் உலர்ந்தால் பழுப்பேறிச் சுருங்கும். உடைத்து, உள்ளிருக்கும் கருங்கொட்டையை எறிந்துவிட்டு, தோலை நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரை பொங்கும். பட்டுத் துவைக்க, பொன்னகை துலக்க, தலை தேய்க்க, எல்லாவற்றுக்கும் அந்நாட்டாரிடம் இருந்தது அது ஒன்றுதான். அது நீதியும் வழங்கும் என்பதை நுண்மதியார் கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

அவர் அதைக் கண்டுபிடித்தது மரத்தைப் பார்த்து அல்ல, சொல்லைப் பார்த்து.

"பூந்தி என்பதைப் பிரித்தால் பூ, உந்தி. பூவை உந்துவது பூந்தி. இங்கே பூ என்பது எது? நுரை. வெண்பூ எங்கே மலரும்? மாசற்ற இடத்தில். ஆகவே மாசற்ற கையில் நுரை மலரும். களவு செய்த கையில் மலராது. தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அரசே. வாசிக்கத்தான் இதுவரை ஆள் இல்லை."

சபை சொக்கிப்போயிற்று. கடைசி வரிசையிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. "எங்க பக்கம் இதை நெய்க்கொட்டான்னு சொல்லுவோங்க. நெய் பட்ட கையில நுரையைக் கொட்ட மாட்டான்னு எங்க ஆத்தா..."

"பாமர வழக்கு" என்றார் நுண்மதியார், திரும்பிப் பாராமலே.

அரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆயினும் அரசன் அல்லவா, ஒரு நிபந்தனையும் வைத்தான். "உமது சோதனை ஒரு முறை பொய்த்தாலும், நுண்மதியார் ஒரு மூடர் என்று தெருத்தெருவாக முரசறைவேன். சம்மதமா?"

"மூன்று முறை அறையுங்கள், அரசே" என்றார் மந்திரி சிரித்துக்கொண்டே. சிரிப்பதற்கு அப்போது காரணம் இருந்தது.

சபை நடுவில் ஒரு பானை வைக்கப்பட்டது. விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. ஒருவருக்கு ஒரு கை நீர். நுரைத்தால் நல்லவன். நுரைக்காவிட்டால் கள்வன், அவன் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும், திரும்பி வந்தால் தலை போகும்.

முதலில் சேந்தனைக் கொண்டுவந்தார்கள். அவன் அரண்மனைக்கு எண்ணெய் ஆட்டிக் கொடுப்பவன். செக்கடியிலிருந்து நேரே இழுத்து வரப்பட்டிருந்ததால், முழங்கை வரைக்கும் நல்லெண்ணெய் மினுமினுத்தது. பூந்தி நீரை ஊற்றினார்கள். தேய்த்தான். கை பளபளத்தது, நுரை வரவில்லை.

"ஐயா, இன்னும் ஒரு கை ஊத்தச் சொல்லுங்க. வந்துடும்."

"நுரைக்கும்வரை ஊற்றச் சொல்வது கள்வனின் தந்திரம்" என்றார் நுண்மதியார்.

"அழுக்குப் போற வரைக்கும் கழுவுறது எந்த ஊர்லங்க ஐயா தந்திரம்?"

மந்திரி ஒரு கணம் யோசித்தார். கேள்வியைப் பற்றி அல்ல. அதை எந்த விதியால் அடைப்பது என்று. பிறகு கல்தச்சனை அழைத்து இன்னொரு வரி வெட்டச் சொன்னார்: 'மறுநீர் கேட்பவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன்.'

அடுத்து மோர் விற்பவள் வந்தாள். கையில் வெண்ணெய்ப் பிசுக்கு. நுரை வரவில்லை. அடுத்து வண்டிக்காரன் வந்தான். கையில் வண்டி அச்சுக்கு இட்ட மைப்பிசுக்கு. நுரை வரவில்லை. அடுத்து அரசியின் தம்பி பூங்கையன் வந்தான். அவன் கையில் எதுவுமே இல்லை. வேலை என்ற ஒன்று அந்தக் கையில் ஒட்டியதாக வரலாறே இல்லை. ஒரு கை நீர் ஊற்றியதும் நுரை பொங்கி, முழங்கை ஏறி, தரையில் வழிந்தது.

"குழந்தையின் கை!" என்று நுண்மதியார் நெகிழ்ந்தார். அந்தக் குழந்தைக் கை அண்மையில் தூக்கிய ஒரே பொருள் எது என்று உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். சபையோர் கற்றவர்கள், அவர்களுக்கு விளங்கவில்லை. பூங்கையனைக் கருவூலத்துக்குக் காவலனாக்கினார்கள்.

இப்படியாக நாடு தூய்மை அடைந்தது. செக்காட்டுபவர்கள் போனார்கள். சமையற்காரர்கள் போனார்கள். விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர்கள் போனார்கள். மிஞ்சியவர்கள் சோதிடர்கள், புகழ்மாலை பாடுபவர்கள், அரசனின் உறவினர்கள்; எல்லாரும் நுரைக்க நுரைக்க நல்லவர்கள். தெருவில் விளக்கு எரியவில்லை. இலையில் நெய் விழவில்லை. வண்டிச் சக்கரங்கள் ஊர் முழுக்க அலறின. சோதனைப் பானையின் மிச்ச நீரைக் கோயில் குளத்தில் கொட்டியதில் மீன்கள் மயங்கி மிதந்தன. அதையும் மந்திரியிடம் கேட்டார்கள். "நீருக்கடியில் அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று நமக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

ஆனால் களவு நிற்கவில்லை. வெள்ளித் தட்டு போயிற்று. பொற்செருப்பு போயிற்று. கருவூலத்துப் பூட்டே ஒரு நாள் போயிற்று.

"கள்வர் அனைவரும் போன பின்னும் களவு நடக்கிறதே, மந்திரியாரே?"

"அது களவின் பிழை, அரசே. சோதனையின் பிழை அன்று."

இவ்வாறு நடந்துவருகையில் ஒரு சனிக்கிழமை வந்தது. நுண்மதியார் வழக்கம்போல் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கள்வர் எல்லாம் அக்கரை போய்விட்ட நாட்டில் நல்லெண்ணெய் எப்படி வீட்டுக்கு வந்தது என்று மனைவியை அவர் கேட்கவில்லை. அறிஞர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த நேரம் பார்த்து அரண்மனையிலிருந்து ஆள் ஓடி வந்தான். அரசனின் முத்திரை மோதிரம் காணோம். சபையோர் அனைவரும் உடனே வர வேண்டும்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். வேறொருவராய் இருந்தால் கையையாவது துடைத்திருப்பார். தம் தூய்மையில் நம்பிக்கை உள்ளவர் ஏன் துடைக்க வேண்டும்?

சபையோர் வரிசையாகக் கை நீட்டினார்கள், வரிசையாக நுரைத்தது.

"மந்திரியாரும் ஒரு கை காட்டட்டுமே, அத்தான்" என்றான் பூங்கையன் அரசனிடம். "பார்க்க ஆசையாய் இருக்கிறது."

நுண்மதியார் பெருமிதத்தோடு கையை நீட்டினார். நீர் விழுந்தது. தேய்த்தார். இன்னும் தேய்த்தார். கைகள் எண்ணெய் வழிய ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போயினவே தவிர, வெண்பூ ஒன்றும் மலரவில்லை.

"இன்னும் ஒரு..." என்று வாய் திறந்தார்.

"என்ன கேட்கிறீர்கள், மந்திரியாரே?" என்றான் பூங்கையன் மிகுந்த மரியாதையோடு.

கல்லில் வெட்டிய வரி எதிரே நின்றது. எழுத்துப்பிழை இல்லாத வரி. "ஒன்றுமில்லை" என்றார்.

அன்று மாலைக்குள் அவர் அக்கரையில் நின்றார். சபைக்குக் கொண்டுபோன பூந்திக்காய்கள் சில மடியில் இருந்தன. ஆற்றோரம் குந்தி, தோலை நசுக்கி, கையைக் கழுவினார். நுரை இல்லை. தடுப்பதற்கு ஆள் இல்லாததால் இரண்டாம் முறை கழுவினார். விரலிடுக்கில் ஏதோ வெளுத்தது. மூன்றாம் முறை கழுவினார். மணிக்கட்டுவரை நுரை பொங்கி எழுந்து, காற்றில் பிய்ந்து, ஆற்றில் மிதந்து போயிற்று.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சேந்தன் நின்றிருந்தான். "அக்கரைத் தண்ணிக்கு மன்னிக்கிற குணம் கொஞ்சம் அதிகமோ?"

நுண்மதியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்லலாம். சொன்னால் சோதனை பொய் என்று ஆகும். பொய் என்று ஆனால் முரசு அறைவார்கள். சொல்லாவிட்டாலோ, அவர் வெறும் கள்வர். மூடரா, கள்வரா என்று நிறுத்துப் பார்த்தார். களவு செய்யத் துணிவு வேண்டும், கைத்திறன் வேண்டும், ஓரளவு அறிவும் வேண்டும். கள்வராகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அக்கரையார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சேந்தன் தன் செக்கில் மாட்டின் பின்னால் நடக்கும் வேலையைக் கொடுத்தான். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது அவருக்குப் பழகிய வேலையாகவே இருந்தது. சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஆற்றங்கரையில் கை கழுவுவார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஒவ்வொரு வேளையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது ஓடக்காரன் ஒரு செய்தி கொண்டு வந்தான். இக்கரையில் இப்போது நீதி சொல்பவன் பூங்கையனாம். அக்கரைக்கு அனுப்பியும் களவு நிற்காததால் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டானாம். இனி நுரைக்காத கையை வெட்டுவார்களாம். பேறு பார்க்கும் பேராயியைப் பிடித்திருக்கிறார்களாம். ஒரு பிள்ளையைத் தரையில் விழாமல் ஏந்திவிட்டு, ஆமணக்கெண்ணெய்க் கையோடு வெளியே வந்தவளை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினார்களாம். நாளைக் காலை சபையில் வைத்து வெட்டுகிறார்களாம்.

அந்த நாட்டில் பிறந்தவர்களில் பாதிப் பேர் முதலில் தொட்டது பேராயியின் கையைத்தான். வெண்குடையானும் அதில் அடக்கம்.

எல்லாரும் நுண்மதியாரைப் பார்த்தார்கள்.

"சாமி, உங்க கைதான் நல்லா நுரைக்குமே" என்றான் சேந்தன். "போய்க் காட்டிட்டு வரலாம்ல?"

நுண்மதியார் போகாமலிருக்கக் காரணம் தேடினார். மூன்று கிடைத்தன. ஒன்று, திரும்பிப் போனால் தலை போகும். தலை போனபின் அவளைக் காப்பது யார்? இரண்டு, சட்டத்தை இயற்றியவனே சட்டத்தை மீறுவது உலகுக்குத் தீய முன்மாதிரி. மூன்று, கை என்ற சொல்லுக்கு ஒழுக்கம் என்றும் பொருள் உண்டு. ஆகவே இழக்கப்போவது உறுப்பா, ஒழுக்கமா என்று முதலில் தெளிய வேண்டும்.

மூன்றும் அருமையான காரணங்கள். அவ்வளவு அருமையாக இருந்ததுதான் அவரை உறுத்திற்று. பூவையும் உந்தியையும் பிரித்த அன்றும் மனத்துக்கு இதே இனிப்பு இருந்தது அல்லவா? உண்மையில் தலை போவதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. அதற்குள் என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் கவலை.

"ஓடத்தைத் தள்ளு" என்றார்.

மறுநாள் காலை சபை கூடியிருந்தது. வெட்டுக் கட்டையும் அரிவாளும் நடுவில் இருந்தன. பேராயி கட்டைக்கு அருகில் நின்று அரிவாளைப் பார்த்து, "தொப்புள்கொடி அறுக்கக்கூட இதைவிட நல்லா தீட்டி வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அரசன் வழக்கு கேட்கும்போது கையில் தின்பண்டம் இருப்பது வழக்கம். அன்று இருந்தது அதிரசம். நெய் சொட்டச் சொட்ட இருந்தது. அக்கரைக் கள்வர்கள் சுட்டு ஓடத்தில் இரகசியமாக அனுப்பியது. களவுக் கை பட்டதை அரசனின் நாக்கு மட்டும் மன்னித்திருந்தது.

நுண்மதியார் உள்ளே நுழைந்ததும் காவலர் பாய்ந்தார்கள்.

"தலையைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அரசே, ஒரு வேண்டுகோள். தண்டிப்பவரின் கை தூயது என்று முதலில் சபைக்குக் காட்டுவது மரபு. தாங்கள் ஒரு கை கழுவ வேண்டும்."

அப்படி ஒரு மரபு இருந்ததில்லை. ஆனால் மரபு என்று சொன்னதும் சபையோர் தலையாட்டினார்கள். அவர்கள் பழக்கம் அது. அரசனும் அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் நீட்டினான்.

நீர் விழுந்தது. அரசன் தேய்த்தான். நெய் வழிந்தது, நுரை வரவில்லை.

எல்லார் கண்ணும் பூங்கையனிடம் போயின. அவன்தானே நீதிபதி? கல் சொல்வதை அவன் சொல்ல வேண்டும். அவன் கல்லைப் பார்த்தான், அரசனைப் பார்த்தான், அரிவாளைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு கை ஊற்றுங்கடா!" என்று கத்தினான். "அத்தான் கையில் நெய் இருக்கிறது, தெரியவில்லையா? கழுவக் கழுவத்தானே போகும்!"

ஊற்றினார்கள். கொஞ்சம் வெளுத்தது. மறுபடியும் ஊற்றினார்கள். அரசனின் கையில் நுரை பொங்கிற்று.

"அதே நீரை அந்தக் கைகளுக்கும் ஊற்றுங்கள்" என்றார் நுண்மதியார், பேராயியைக் காட்டி.

ஒரு தரம் ஊற்றினார்கள். இரண்டு தரம் ஊற்றினார்கள். மூன்றாம் தரம் அவள் கையில் எழுந்த நுரை அரசனுடையதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. அதைச் சபையோர் எவரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

அரசன் தன் கையையும் பேராயியின் கையையும் பார்த்தான். பிறகு, "அப்படியானால் உமது சோதனை?" என்றான்.

இதுதான் அவர் அஞ்சிய இடம். இங்கும் ஒரு சொல்லைப் பிரித்து, ஒரு வழியாகத் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. அதை விழுங்கினார்.

"பொய், அரசே. அது எண்ணெயைக் கண்டது, களவைக் காணவில்லை. சேந்தனும் மற்றவர்களும் குற்றமற்றவர்கள். அன்று மறுநீர் கேட்டவன் சொன்னதுதான் சரி. அதை மறுத்தவன் மூடன்."

"அப்போ எடுத்தவன் யாரு?" என்று சபை முணுமுணுத்தது. ஒருவர் கிளி சோதிடம் என்றார். ஒருவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்றார். ஒருவர் நட்சத்திரம் என்றார்.

"ஏன் ராசா," என்றாள் பேராயி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "இத்தனை காலம் கையைக் கையைப் பார்த்தீங்களே. கருவூலத்துக் காவக்காரர் வீட்டை ஒரு எட்டுப் போய்த் திறந்து பார்த்தா என்ன?"

அதுவரை அந்நாட்டில் ஒருவருக்கும் தோன்றாத வழி அது. திறந்து பார்த்தார்கள். தொலைந்தவை எல்லாம் அங்கே இருந்தன. கருவூலத்துப் பூட்டும் இருந்தது. பூங்கையனுக்கு விலங்கு பூட்டினார்கள். அவன் கை அப்போதும் மென்மையாகவே இருந்தது.

ஓடங்கள் அக்கரைக்குப் போயின; மக்கள் திரும்பி வந்தார்கள்; அன்று மாலை தெருவில் விளக்கு எரிந்தது. அரசன் நன்றி மறவாதவன். ஆகவே நுண்மதியாரின் தலையை விட்டுவிட்டான். சொல் தவறாதவன், ஆகவே முரசை விடவில்லை. நுண்மதியார் ஒரு மூடர் என்று தெருத்தெருவாக மூன்று முறை அறைந்தார்கள்.

அவர் தம் வாசலில் நின்று கேட்டார். முரசறைபவன் 'மூடர்' என்பதை 'மூட்டர்' என்று தவறாகச் சொல்லிக்கொண்டு போனான். திருத்த வேண்டும் என்று நுண்மதியாரின் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். அவர் உண்மையாகவே கற்ற முதல் பாடம் அது.

ஆகவே கேட்டவர்களே, பிறர் குற்றத்தை அளக்கக் கோல் எடுப்பவன், முதலில் அதைத் தன் மேல் வைத்துப் பார்க்காவிட்டால், எவ்வளவு கற்றவனானாலும் அநீதியே செய்வான்.